தோரணத்துக்கு அந்தப் பக்கம்

நான் செய்யும் வேலையை அப்பாவுக்குப் புரியவைக்க வெகுகாலம் பிடித்தது. ஒருவர் கணினியில் ஒரு செயலி எழுதுகிறார். அது அவருடைய கணினியில் மட்டும் ஓடினால் யாருக்கும் பயனில்லை. எந்த ஊரிலிருந்து யார் திறந்தாலும் திறக்கும்படி, அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரத்தில் அதை வைக்கவேண்டும். அந்த இடத்தை நாங்கள் தருகிறோம். எழுதியதை அனுப்பினால் போதும், அதை வாங்கி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, முகவரி ஒன்றும் கொடுத்துவிடும் எங்கள் தளம். இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை அப்பா புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அப்போ சரக்கு அவங்குளுது. எடம் உன்னுது.”

“ஆமாப்பா.”

“எடமும் உன்னுது இல்ல. மெட்ராஸ்ல எவனோ வச்சிக்கினு இருக்கான். நீ வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு வுடற.”

“ஆமாப்பா.”

“இதுக்கா இத்தினி வருசம் படிச்ச?”

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

உள்வாடகை என்பதில் பாதிதான் உண்மை. இடத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே இயந்திரத்தில் பலருடைய செயலிகளை ஒன்றையொன்று இடிக்காமல் ஓடவிடுவதும், ஒருவர் எழுதிய மோசமான நிரல் மற்றவர்களின் நினைவகத்தையும் சேர்த்துத் தின்றுவிடாமல் தடுப்பதும், விழுந்ததை வாடிக்கையாளர் பார்ப்பதற்குள் எழுப்பி நிறுத்துவதும் வாடகைக்குக் கிடைக்காது. அதையெல்லாம் நான் எழுதினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். ஏழு வயதில் விடுதியில் விடப்பட்டு, வேலூர்ப் பக்கம் பொறியியல் படித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் அடுத்தவர்களின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கென்று ஒன்றைக் கட்டினேன். இதைப் பணிவாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நன்றாகக் கட்டினேன்.

கூட்டாளி என் கல்லூரி அறைத்தோழி. கணியம்பாடிக்காரி. வாடிக்கையாளர்களைப் பிடிப்பதும், பேசுவதும், கோபப்பட்டவர்களைச் சமாதானப்படுத்துவதும் அவள். இயந்திரங்கள் என் பொறுப்பு. எங்களிடம் இருந்தவர்கள் பெரிய ஆட்கள் அல்லர். ஆரணியில் ஒரு ஸ்கேன் சென்டர், பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் இணையத்தில் தேர்வு வைக்கும் ஒரு டியூஷன் நிலையம், ரத்தம் கொடுப்பவர்களின் விவரம் வைத்திருக்கும் சந்தவாசல் இளைஞர்கள், மலையில் தங்குமிடம் நடத்தும் சிலர், இறுதியாண்டுச் செயலியைக் காட்டி மதிப்பெண் வாங்கவேண்டிய மாணவர்கள்.

மலையில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படி நடத்துகிறாய் என்று கேட்பார்கள். சென்னையில் ஒரு அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இன்னொரு சர்வர் எடுக்கலாம், அவ்வளவுதான் காரணம். பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும் கேபிள் வந்திருந்தது. அங்கிருந்து மரத்துக்கு மரம் கட்டி எங்கள் வீட்டுக்கு ஒரு இணைப்பு இழுத்துக்கொண்டேன். செல்போன் சிக்னல் ஊருக்குள் கிடையாது. மலைப்பாதையில் கீழே இறங்கி, அரைமணி நேரம் நடந்தால் ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். அங்கே பாறைமேல் நின்றால் கிடைக்கும்.

இயந்திரங்கள் இருந்த சென்னைக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். அதில் சர்வர் கூடம் நடத்தியவர் தோழியிடம் பேசினார். “இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஈபி லைனைப் புடுங்கிடுவாங்கம்மா. அதுக்கு அப்புறம் எங்கிட்ட கேக்காதீங்க.” இயந்திரங்கள் அவருடையவை. உள்ளே இருந்தது எங்கள் வாடிக்கையாளர்களுடையது. அதற்குள் எல்லாவற்றையும் வேறொரு கூடத்துக்கு நகலெடுத்துக் கொண்டுபோய்விடவேண்டும். போகாவிட்டால் ஸ்கேன் சென்டரின் நோயாளிகள், பிள்ளைகளின் மதிப்பெண்கள், எங்கள் பெயர், எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. புதிய கூடம் அந்த வாரம்தான் கிடைத்தது. அதனால் வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு மதியத்துக்குள் முடிப்பதென்று நாள் குறித்தோம்.

தோழி நாள் குறிக்கும்போது கேட்டாள். “உங்கூரு திருவிழா எப்போடி?”

“அமாவாசை கழிஞ்சி.”

“அப்போ அதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம்.”

அவளுடைய ஊரில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். எங்கள் ஊரில் அம்மனிடம் பூக் கேட்போம். வெள்ளைப்பூ ஒன்றையும் சிவப்புப்பூ ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, ஒரு சிறுமியை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் அமாவாசைக்குப் பிறகு காப்பு. வெள்ளை வந்தால் அன்று மாலையே. எனக்கு நினைவு தெரிந்து சிவப்புதான் வந்துகொண்டிருந்தது. ஊரில் எல்லோரும் அமாவாசை கழிந்து என்றே சொல்லிப் பழகியிருந்தோம். பூக் கேட்பது ஒரு சடங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

நான் நகலெடுக்கத் தொடங்கியிருந்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளை வந்தது.

காப்பு கட்டிவிட்டால் ஊருக்குள் நுழையும் சாலையின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டுவார்கள். அம்மனைக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடும்வரை ஊர்க்காரர்கள் யாரும் அந்தத் தோரணத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் கையில் காப்பு இருக்கும். அந்த வீட்டில் யார் தாண்டினாலும் அந்தக் காப்பு கெட்டது. அந்த வருடம் கரகம் எடுக்கும் முறை எங்கள் வகையறாவுக்கு வந்திருந்தது. அப்பாவுக்கு. அவருடைய அப்பா எடுத்ததை அவர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். முறை சுற்றி வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. அதற்காகப் பல நாட்களாகக் கறி தின்னாமல், செருப்புப் போடாமல், காலை மாலை சுனைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை வந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து என்னிடம் கேட்டார். “உன் வேலை ஒண்ணும் கெடாதே? கீழ போவணும்னா இப்பவே போய்ட்டு, அம்மன் தண்ணிக்குப் போனப்புறம் வா.”

“லைன் நல்லாத்தான் இருக்குது. இங்கியே முடிச்சிடுவேன்.”

அவர் முகம் மலர்ந்தது. கரகம் எடுப்பதை நான் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான். அன்று மாலை பூசாரி அவர் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

சனிக்கிழமை காலை சாலை அகலப்படுத்தும் ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. ஊருக்கு மேலே எங்கோ. திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் அப்படியே நின்றன. பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் கையை விரித்தார். “போலூர்லருந்து ஆளு வரணும். இன்னிக்கி வரமாட்டான். நாளைக்கு ஞாயித்துக்கெழம, எவன் வருவான்? திங்கக்கெழம பாக்கலாம்.”

நகலெடுக்கும் வேலை சென்னையில் இரண்டு கூடங்களுக்கு இடையில் நடப்பது. என் இணைப்பு அறுந்தாலும் அது ஓடும். ஓடுகிறதா என்று எனக்குத்தான் தெரியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அம்மா சோறு போட்டதைத் தொடவில்லை.

மதியத்துக்கு மேல் தோழி வந்தாள். கணியம்பாடியிலிருந்து ஸ்கூட்டரிலேயே மலை ஏறி வந்திருந்தாள். தோரணத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, ஊர்ப்பெண் ஒருத்தியிடம் சொல்லி என்னை வரவழைத்தாள். வெளியூர்க்காரர்கள் உள்ளே வரலாம், வந்தால் திருவிழா முடியும்வரை திரும்பிப்போக முடியாது. அதனால் அவள் அங்கேயே நின்றாள். எங்களுக்கு நடுவில் வேப்பிலை ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னாடி, போனு போட்டா போவல, மெசேஜ் போட்டா போவல. உயிரோட இருக்கியா?”

“கேபிள் அறுந்துடுச்சி. நகல் ஓடுதா?”

“காலைலேயே நின்னு போச்சி. பழைய எடத்துலயும் தொறக்கல, புது எடத்துலயும் தொறக்கல. ஸ்கேன் சென்டர்காரரு வாயில வர்றதெல்லாம் பேசறாரு. நாளைக்கு டியூஷன்ல பரீட்சை.”

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய கூடத்தில் இருப்பது, புதியது “வந்து சேர்ந்தது” என்று சொல்லும்வரை கையை விடாது. புதிய கூடத்தில் இருப்பது, பழையது “விட்டுவிட்டேன்” என்று சொல்லும்வரை எழாது. கடைசிக் கட்டத்தில், எல்லோருடையதும் போய்ச் சேரும்வரை இரண்டுமே யாருக்கும் திறக்காமல் பூட்டியிருக்கும். எந்தத் தரவும் தொலையக் கூடாது என்று நான்தான் அப்படி எழுதினேன். ஸ்கேன் சென்டரின் பெரிய தரவுத்தளத்தில் நகல் பாதியில் சிக்கி, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. யாராவது உட்கார்ந்து, எது வந்தது, எது வரவில்லை என்று பார்த்துப் பார்த்து அவிழ்க்கவேண்டும்.

முதலில் அவளை வைத்தே முயன்றோம். என்ன தட்டவேண்டும் என்று நான் சொல்ல, அவள் முழங்கைவரை பேனாவால் எழுதிக்கொண்டு வளைவுக்கு வண்டியில் போனாள். திரையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அந்தப் படத்தில் இருந்த பிழை நான் எதிர்பார்த்தது இல்லை. வேறு சொன்னேன். மறுபடி போனாள். மறுபடி வேறு பிழை. இன்னும் ஒருமுறை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கையில் எழுத இடம் இல்லை.

“ஒரு அடி,” என்றாள் தோரணத்தைக் காட்டி. “ஒரே ஒரு அடி எடுத்து வைடி. யாரும் பாக்கல.”

“எங்கப்பா கையில காப்பு இருக்குதுடி.”

அவள் வண்டியைத் திருப்பினாள். கீழே சந்தவாசலில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வருவதாகச் சொன்னாள். அதற்குள் ஊரில் பேசு என்றாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் ஆண்கள் கூடியிருந்தார்கள். பந்தல் கால் நடும் வேலை. அப்பா என்னை அழைத்துக்கொண்டு போய் ஊர்க்கவுண்டர்முன் நிறுத்தினார். நான் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஊரில் என்னை மரியாதையாகத்தான் நடத்துவார்கள். தங்குமிடம் நடத்தும் வீடுகளின் இணையப் பக்கங்கள் என்னிடம்தான் இருந்தன, அவையும் அப்போது நின்றுபோயிருந்தன. எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பலாமரத்தின் அடியில் உட்கார்ந்திருந்த ஒருவர், எனக்கு மாமா முறை, தலையைச் சொறிந்தார்.

“எனக்கு ஒண்ணு வெளங்கல பாப்பா. உன் சாமான் மெட்ராஸ்ல கெடக்குது. கேபிளு ரோட்ல கெடக்குது. நீ இங்க கெடக்கற. இதுல கம்பெனி எங்கதான் இருக்குது?”

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

“தோரணத்த அவுத்துக் கொண்டுபோய் வளைவுக்கு அந்தாண்ட கட்டிட்டா இன்னா?” என்றார் பந்தலில் ஏறியிருந்த ஒருவர். “ஊரு கொஞ்சம் பெருசாய்ட்டுப் போவுது.”

“ஆமா, அப்புடியே போலூர் வரைக்கும் கட்டு. பஸ்ஸு ஏறிப் போய் பிரியாணி துன்னுட்டு வரலாம்,” என்றார் மாமா.

ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. “கட்டின தோரணத்த நவுத்தக் கூடாதும்மா,” என்றார். “உன் கஷ்டம் புரியுது. ஆனா கரகம் எடுக்கற வூட்டுலருந்து ஒரு ஆளு தாண்டினா, அது உங்க வூட்டோட நிக்காது. ஊரு காப்பே கெட்டுடும். மழ இல்லன்னா, மாடு செத்துதுன்னா, ஒவ்வொருத்தனும் உங்க வூட்டப் பாப்பான். அத்த நீ தாங்குவியா?”

“சாயங்காலத்துக்குள்ள போவலன்னா எல்லாம் அழிஞ்சிடும்,” என்றேன். “எங்கிட்ட நம்பிக் குடுத்தவங்க சாமான். என்னது இல்ல.”

நான் தாண்டிவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருந்தது. அப்பாவுக்கும்.

அவர்தான் பேசினார். “கரகம் எங்கையில இல்லன்னா?”

ஊர்க்கவுண்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்காப்ப அவுத்துட்டா எங்க வூடு இந்தத் திருவிழாவுல இல்ல. இல்லாத வூட்டுலருந்து யாரு தாண்டினா ஊருக்கு இன்னா?”

“அவுத்தா, அவுத்ததுதான்,” என்றார் ஊர்க்கவுண்டர். “அப்புறம் முறை உன் தம்பி வூட்டுக்குப் போவும். திரும்பி வராது. யோசிச்சிக்க.”

“யோசிச்சிட்டேன்.”

என் சித்தப்பா அங்கேதான் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பூசாரியிடம் கையை நீட்டினார். பூசாரி பின்னால் நகர்ந்தார். “நான் கட்டினத நானே அவுக்கமாட்டேன்.” காப்பைக் கத்தி வைத்து அறுக்கக் கூடாது, கையால்தான் அவிழ்க்கவேண்டும். அப்பா மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் முன்னால் வரவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்தார். கயிறு நனைந்து காய்ந்து இறுகியிருந்தது. கடைசியில் என் முன்னால் கையை நீட்டினார்.

“நீயே அவுரு.”

முடிச்சு மணிக்கட்டின் உள்பக்கம் இருந்தது. நகத்தால் நெம்பவேண்டியிருந்தது. எனக்கு வெகுநேரம் ஆனது. அவிழ்த்த கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். பூசாரி ஒரு இலையை நீட்டினார். அதில் போட்டேன்.

“போ,” என்றார் அப்பா. “மணி ஆவுது.”

தோழி தோரணத்துக்கு வெளியே காத்திருந்தாள். சந்தவாசலில் ஒரு கடைக்காரரிடம் இரவல் வாங்கிய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கட்டிவைத்திருந்தாள். நான் தாண்டியதும் ஒன்றும் நடக்கவில்லை. வேப்பிலை முகத்தில் உரசியது, அவ்வளவுதான். வளைவில் தடுப்புச் சுவர்மேல் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தேன். அவள் குடையை விரித்துத் திரைமேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டாள். கீழிருந்து ஏறும் ஜீப்புகள் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தன. ஒருவர் நிறுத்தி, “இன்னாம்மா, சிசிடிவி மாட்றீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலை நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. சிக்கிய தரவுத்தளத்தில் எந்த வரிசைவரை வந்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்து, மீதியை மட்டும் இழுத்து, சரிபார்த்து, பழையதைக் கையை விடச் சொல்லி, புதியதை எழுப்பவேண்டும். சிக்னல் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறை போகும்போதும் தோழி குடையோடு அசையாமல் நின்றாள், அசைந்தால் இன்னும் போய்விடும் என்பதுபோல. ஒவ்வொரு வாடிக்கையாளராக எழுந்தார்கள். ரத்தம் கொடுப்பவர்கள். தங்குமிடங்கள். மாணவர்கள். ஸ்கேன் சென்டர் கடைசியாக எழுந்தபோது வெயில் பள்ளத்தாக்கைவிட்டு ஏறிப்போயிருந்தது. சற்று நேரத்தில் பழைய கூடத்திலிருந்து பதில் வருவது நின்றது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள்.

ஒருவருடையதும் தொலையவில்லை. இதை நான் இன்றைக்கும் யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அதே நேரத்தில் ஊரில் பம்பை மேளம் முழங்கத் தொடங்கியது. வளைவில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. கரகம் சுனையிலிருந்து புறப்படும்போது அடிக்கும் அடி அது. யார் தலையில் இருக்கிறது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தோரணத்தைத் தாண்டிவிட்ட எனக்கு, அம்மன் தண்ணீருக்குப் போகும்வரை ஊருக்குள் இடம் கிடையாது. தோழியின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கணியம்பாடிக்குப் புறப்பட்டோம்.

டியூஷன் நிலையத்தார் அன்று பரீட்சை நடத்தமுடியாமல் பெற்றோர்களிடம் பேச்சு வாங்கியிருந்தார்கள். மறுநாளே இரண்டு வரியில் விலகிக்கொண்டார்கள். ஸ்கேன் சென்டர்காரர் தன் தரவு முழுவதும் பத்திரமாக இருப்பதைப் பார்த்து நன்றி சொன்னார். அடுத்த மாதம் அவரும் போய்விட்டார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நோயாளி வாசலில் நிற்கும்போது ஏன் நின்றது என்ற கதை யாருக்கு வேண்டும்? அவர்கள் இருவரையும் நம்பித்தான் மற்றவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா மட்டும் சித்தப்பா வீட்டுப் பக்கம் தண்ணீருக்குப் போவதை நிறுத்திவிட்டு, தூரத்துக் குழாய்க்குப் போகத் தொடங்கினாள். அடுத்த திருவிழாவுக்குப் பூக் கேட்டபோது அப்பா கூட்டத்தின் பின்னால், வெளியூருக்குக் கல்யாணமாகிப் போய், திருவிழாவுக்கு வந்திருந்தவர்களோடு நின்றார். யாரும் முன்னால் கூப்பிடவில்லை. யாரும் விரட்டவும் இல்லை. பூசாரி வீட்டுக்கு வீடு காப்பு கட்டிக்கொண்டு வந்தார், எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. அதற்கு யாரும் எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பெல்லாம் என் வேலையைப் பற்றி அப்பா தானாகக் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் காலையில், பல் விளக்கிவிட்டு, வேலைக்குச் சாமைக் கொல்லைக்குப் போகும் முன் கேட்கிறார். “ஓடுதா?” நான் “ஓடுதுப்பா” என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

தோழி சென்ற மழைக்காலத்தில் வந்தாள். எங்கள் வாசலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த பலாச்சுளையைத் தின்றுகொண்டே சொன்னாள்.

“மூடிடலாம்டி. இருக்கறவங்கள நல்லபடியா வேற எடத்துல சேத்துட்டு மூடிடலாம். உனக்கு எவன் வேணும்னாலும் வேலை குடுப்பான். இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

“நீ போ. நான் பாத்துக்கறேன்.”

“வீம்பு பண்ணாத.”

“வீம்பு இல்ல. எங்கப்பா கேப்பாருடி.”

அவளுக்குப் புரிந்தது. அவள் அந்தக் கோயில் முன்னால் இல்லை, ஆனால் நான் தாண்டி வந்தபோது என் விரல்களில் இருந்த மஞ்சளைப் பார்த்தவள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். எப்போதாவது கூப்பிடுகிறாள். வாடிக்கையாளர்களிடம் பேசுவதையும் நானே செய்கிறேன். அவளைப்போல எனக்குப் பேச வராது.

நேற்றுக் காலையும் அப்பா கேட்டார். புதிய கூடத்தில் ஒரு இயந்திரம் விடிந்ததிலிருந்து பதில் சொல்லவில்லை. அதில் இருந்தது மாணவர்கள் சிலருடையதும், ரத்தம் கொடுப்பவர்களுடையதும்தான். இப்போது என்னிடம் இருப்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்.

“ஓடுதுப்பா,” என்றேன்.

அவர் களைக்கொட்டோடு கொல்லைக்குக் கிளம்பினார். அவர் தலை மறையும்வரை நின்றுவிட்டு, அதை எழுப்ப உள்ளே போனேன்.